இருமலுக்கு நல்லது

ஏசுபாதம் டீக்கடைக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். உதடு விரியலாம், பல் முழுதும் தெரியக் கூடாது. கண்ணில் மரியாதை இருக்க வேண்டும், கெஞ்சல் இருக்கக் கூடாது. கம்பெனி பம்பாயில் கொடுத்த பயிற்சியில் இந்தச் சிரிப்புக்கே ஒரு முழுப் பகல் போயிற்று. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் மாரி, கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"இன்னா அண்ணாத்த, பல்லு வலிக்குதா?"

"இல்லண்ணே, தொழில் பண்ணிகினு கீறேன்."

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி என்பது அந்தத் தொழிலின் பெயர். டாக்டர்களைப் பார்த்து, கம்பெனியின் இருமல் சிரப்பைப் பற்றி இங்கிலீஷில் மனப்பாடமாக ஒப்பித்து, அதையே அவர்கள் நோயாளிகளுக்கு எழுதும்படி செய்ய வேண்டும். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் அவன் உதட்டை அசைத்துப் பாடத்தை உருப்போடுவதைப் பார்த்த ஓர் அம்மாள், "எனக்கும் சேத்து வேண்டிக்கப்பா" என்றாளாம்.

ஊரப்பாக்கத்தில் அவன் அப்பாவும் தாத்தாவும் பிறர் வயலில் அறுப்பு அறுத்தவர்கள். அந்த வீட்டிலிருந்து கழுத்தில் டை கட்டிக்கொண்டு முதலில் வெளியே வந்தவன் இவன்தான். அம்மா காசியம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்: "எம் புள்ள டாக்டருங்களுக்கே மருந்து சொல்லிக் குடுக்கிறான்."

"நான் சொல்லிக் குடுக்கிறதா? அவங்க தும்மினாலே எனக்குப் பாடம் மறந்துபூடுது. மறுபடி குட்மார்னிங்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்பான் ஏசுபாதம்.

முதல் நாள் கதையை அவனே வலியச் சொல்வான். வியர்த்துக் கொட்ட, வாயைத் திறந்தபடி டாக்டர் அறைக்குள் போனவனை நோயாளி என்று நினைத்து, அவர் நாக்கின் அடியில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டார். டாக்டர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது பயிற்சியின் முதல் விதி. ஏசுபாதம் விதியை மீறவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"அதுவும் இன்னொரு கம்பெனி மருந்துப்பா! மொத நாளே எதிராளி சரக்கு என் ஒடம்புல ஏறிப்போச்சு."

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருந்தது. வேலை இன்னும் தற்காலிகம்தான். மழைக்காலத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். மாமல்லபுரத்து டாக்டர் வாசுதேவனிடம்தான் சுற்றியுள்ள கடலோரக் குப்பங்கள் எல்லாம் போகும். "அவரை எழுத வை, இல்லாட்டி வேற வேலை பாரு" என்று மெட்ராஸ் மேனேஜர் திருநாவுக்கரசு சொல்லிவிட்டார். ஆனால் அங்கே கம்பவுண்டர் பன்னீர்செல்வம், ஒவ்வொரு முறையும் அரைக்கதவைப் பிடித்துக்கொண்டு, "கும்பலா கீது, அப்பால வா" என்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஏசுபாதம் கடற்கரைக்குப் போய், கரையேற்றிக் கிடந்த கட்டுமரங்களின் முன்னால் நின்று பாடத்தை ஒப்பித்தான். குறுக்கே பேசாதவை அவை மட்டும்தான். அப்போது ஒரு பெண் மணலில் விழுந்தெழுந்து ஓடி வந்தாள்.

"டாக்டரு! ஓடியா நைனா! எங்க வூட்டுக்காரரு கால்ல திருக்கை மீனு முள்ளு குத்திப்புட்ச்சு!"

"நான் டாக்டர் இல்லம்மா, கம்பெனி ஆளு..."

"அதுக்கு இன்னா இப்ப? டை கட்டிகினு கீறியே!"

அவள் பெயர் சொர்ணம். கணவன் நீலமேகம் வலைக்குவியல் மேல் சாய்ந்து கிடந்தான். கெண்டைக்காலிலிருந்து ரத்தம் கொப்புளித்தது. ஏசுபாதம் பையைத் திறந்தான். பையில் இருமல் சிரப்பைத் தவிர எதுவும் இல்லை. டையைக் கழற்றிக் காயத்தின் மேல் இறுக்கிக் கட்டினான். நீலமேகத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு மணலில் தள்ளாடி நடந்தான். ஷூ ஒன்று எங்கோ கழன்று போயிற்று. அவர்களைப் பார்த்ததும் பன்னீர்செல்வம் அரைக்கதவை அகலத் திறந்துவிட்டார்.

டாக்டர் காயத்தைக் கழுவித் தையல் போட்டு முடிக்கும்வரை ஏசுபாதம்தான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாசுதேவன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"நல்லவேளை, கட்டிக் கொண்டாந்தீங்க. நீங்க யாரு?"

எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி! பழக்க தோஷத்தில் முதலில் சிரிப்பு வந்தது. முனகிக்கொண்டிருந்தவனின் காலுக்கு மேலே, பயிற்சியில் கற்ற அதே சிரிப்பு. பிறகு, வெயில் மேற்கே சாய்ந்துவிட்ட அந்த நேரத்தில், "குட்மார்னிங் டாக்டர்." அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. தமிழும் வரவில்லை. கடைசியில் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இது... இருமலுக்கு நல்லது சார்."

படுத்திருந்த நீலமேகம் தலையைத் திருப்பினான். "ஏன் நைனா, உங்க கம்பெனில காலுக்கு ஒண்ணியும் காச்சலியா?"

ஏசுபாதம்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். பிறகு டாக்டர். வலியை மறந்து நீலமேகமும் சிரித்தான்.

"இனிமே வந்தா நேரா உள்ள வாங்க" என்றார் வாசுதேவன். புட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இப்ப அவசரமில்லாம சொல்லுங்க, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டபடி, காலால் ஒரு முக்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

ஏசுபாதம் குனிந்து தன் பெல்பாட்டத்தைப் பார்த்தான். மணலும் ரத்தமும் அப்பியிருந்தன. கையால் தட்டினான், போகவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முக்காலியின் மேல் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்தான்.