மாதனூர் புளியமரத்துக்குப் போன பஸ்

வேலூரிலிருந்து ஆம்பூர் போக வழி கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். இப்போது ஒரு மணி நேரம்தான். நான் சொல்லப்போவது அறுபதுகளின் தொடக்கத்தில் அதே சாலையில் போன ஒரு பயணம். இத்தனை வருஷம் வீட்டில்கூடச் சொன்னதில்லை. வெட்கம், வேறென்ன.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தொழுநோய்க்கு மாத்திரை கொடுக்கும் வண்டி ஒன்று வியாழக்கிழமைதோறும் ஊர் ஊராகப் போகும். அதில் ரிஜிஸ்டர் எழுதுவது என் வேலை. ஆஸ்பத்திரிக்கு வரப் பயப்படுகிறவர்களுக்குச் சாலையோரப் புளியமரம்தான் ஆஸ்பத்திரி. அன்றைக்குத் தூங்கிவிட்டேன், வண்டி போய்விட்டது. ஏழேகாலுக்கு வேலூரில் பஸ் பிடித்தேன். வண்டி நிற்கும் மாதனூர் ஆம்பூருக்கு முன்னால், இருபத்தைந்து மைல், டிக்கெட் முக்கால் ரூபாய்.

பக்கத்து சீட்டில் ஏழுமலை. எங்களிடம் மாத்திரை வாங்குகிறவர். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டும் வேலை. கை வெந்து புண்ணாகும் என்று எல்லாரும் ஓடுகிற அந்தக் குழியை அவர் கேட்டு வாங்கியிருந்தார். எல்லார் கையும் புண்ணாக இருக்கிற இடத்தில் இவர் கையை மட்டும் யார் பார்க்கப்போகிறார்கள்? மருந்து வாங்கவும், தெரிந்த முகம் இல்லாத மாதனூருக்குத்தான் வருவார். இதையெல்லாம் அவர் டாக்டரிடம் சொன்னபோது நானும் கூட இருந்தேன். தெரிந்தும்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னா ஏழுமலை, போன வாரம் மாத்திரைக்கு வரலையே? விரல் மரத்துப்போறது கம்மியாச்சா?" பஸ் இரைச்சலுக்கு மேல் கேட்கட்டும் என்று சத்தமாக வேறு.

"சுண்ணாம்புப் புண்ணு சார்," என்றார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் விட்டேனா? "டாக்டரே பார்த்துச் சொல்லிட்டாரேப்பா" என்றேன். பெரிய மேதாவி.

முன் சீட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பள்ளிகொண்டா தாண்டியதும் கண்டக்டர் விசில் ஊதினார். "எறங்குப்பா. மத்தவங்க இதுல வரணுமா வேணாமா? பேஜார் பண்ணாதே."

ஏழுமலை இறங்கினார். மாதனூருக்கு இன்னும் பத்து மைலுக்கு மேல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது என்று வாரா வாரம் ஊருக்குச் சொல்கிறவன் நான். ரிஜிஸ்டரை மடியில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். என்னையும் இறக்கிவிடுவார்களோ என்று பயம்.

மாதனூரில் பதினொன்றுக்கு மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு எங்கள் வண்டியில் திரும்பினோம். ஒரு மைல் வந்ததும் எதிரே ஏழுமலை நடந்து வந்துகொண்டிருந்தார். நான் இறங்கி மாத்திரையைக் கொடுத்தேன். 

"எங்க மேஸ்திரி பஸ்ஸுல பின்னாடி உட்கார்ந்திருந்தாரு சார். வேலை போச்சுன்னுதான் வச்சுக்கணும்," என்றார். கோபமே இல்லை. "இனிமே எந்த மரத்துக்கு சார் நான் போறது?"

அடுத்த வியாழனிலிருந்து அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன். அந்த ரிஜிஸ்டர் தீரும்வரை எழுதினேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை ஏழுக்குள் கிளம்புங்கள், வெயில் தெரியாது. தண்ணீர் கையோடு இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரின் உடம்பைப் பற்றி, அக்கறையாகவே இருந்தாலும், பஸ்ஸில் பேசாதீர்கள். யாரையாவது இறக்கிவிட்டால் கூடவே இறங்கிவிடுங்கள். பள்ளிகொண்டாவிலிருந்து மாதனூர் நடக்க முடியாத தூரமில்லை. அவர் நடந்தார்.