இடது சுண்டுவிரலும் தேடல் விசைகளும்

போன குளிர்காலத்தில் என் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனது. முழங்கையில் நரம்பு நசிபடுகிறது என்றார் மருத்துவர். அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்.

நான் மென்பொருள் எழுதுகிறவள். ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் ஒரு சொல்லைத் தேட, கண்ட்ரோல் விசையை அந்த விரலால் அழுத்திக்கொண்டே எஃப் எழுத்தைத் தட்டுவேன். இப்போது அழுத்தினேனா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை. தேடல் பெட்டி திறப்பதற்குப் பதில் வரியின் நடுவில் ஓர் எஃப் எழுத்து வந்து விழும்.

இல்ஃபோர்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள், நிரல் எழுதும் எடிட்டர் செயலியின் விசை அமைப்பைத் திறந்தேன். தேடுவதற்கு மேல்வரிசையில் உள்ள எஃப் ஏழு விசை, அடுத்த இடத்துக்குப் போக எஃப் எட்டு, எல்லாக் கோப்புகளிலும் தேட எஃப் ஒன்பது. வலது கை மட்டும் போதும். பழைய விசையை வெறுமையாக்கினேன். இல்லாவிட்டால் கை பழகாது. இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தது. ஆட்குறைப்புப் பற்றிப் பேச்சு அடிபட்டதால் அலுவலகத்தில் ஒருவரிடமும் விரலைப் பற்றிச் சொல்லவில்லை.

பிறகு அலுவலகத்தில், நிரலில் ஒரு பிழையைச் சேர்ந்து பார்க்க வந்த சக ஊழியர் என் விசைப்பலகையை இழுத்து, வழக்கம்போலத் தேடப்போனார். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் இப்படி மாற்றினாய் என்று கேட்டார். சும்மா ஓர் ஆசைக்கு என்றேன். மேலாளர் பின்னால் நின்றிருந்தார். எல்லோரும் ஒரே அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்று மாலையில் மின்னஞ்சல் வந்தது.

பழையபடி மாற்றினேன். நான்காம் நாள் வலி தோள்வரை ஏறியது. அதன் பிறகுதான் மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அன்பாகத்தான் கேட்டார். என் விசைகளை வைத்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ இலேசான வேலை தருவதாகச் சொன்னார். மூன்று வருடமாக நான் எழுதிய பகுதி அடுத்த வாரமே வேறொருவரிடம் போனது. மற்றவர்கள் எழுதும் குறிப்புகளை வாசித்துத் திருத்துவது எனக்கு வந்தது.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கெண்டாலும் முதலே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னால் லீவு எடு எண்டுவியள். லீவு எடுத்தால் என்னை மறந்திடுவினம் எண்டு பயந்திட்டன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "இனி என்ன செய்யப் போறீர்?"

"தெரியேல்லை," என்றேன்.

அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. தினமும் அலுவலகம் போய் மற்றவர்களின் குறிப்புகளைத் திருத்திவிட்டு வருகிறேன்.