மகனுக்குக் காட்டிய படம்

என் மகனைக் கோழையாக்கியது நான்தான். தெரியாமல் செய்யவில்லை... திட்டம் போட்டு, டிக்கெட் எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை, அந்தத் தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மழைக்குப் பஞ்சம் உண்டே தவிர, வீரப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. பக்கத்து ஊரின் பெயரே எப்போதும்வென்றான்! இந்த மண்ணில் பிறந்துவிட்டு, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஓர் ஆம்பிளை வாய் திறந்து சொல்ல முடியுமா? நானும் சொன்னதில்லை. என் மகன் வேல்ராசு மிலிட்டரிக்குப் போகப்போகிறேன் என்றதும், டீக்கடையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். "எம் புள்ள துப்பாக்கி தூக்கப் போறாம்லா, அண்ணாச்சி!" என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொன்னேன். அவனும் காலையும் மாலையும் ரோட்டில் ஓடி ஓடி உடம்பை இறுக்கி வைத்திருந்தான்.

அப்போது ஒரு நாள் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கக் கோவில்பட்டிக்குப் போனேன். கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். எதிரே தியேட்டர். ஏதோ வெள்ளைக்கார யுத்தப் படம், தமிழில் பேசுகிறது. சண்டைப் படம்தானே, வெயிலுக்கு ஏசியில் கண்ணசரலாம் என்று நுழைந்தேன்.

கண்ணசரவா...!

பாட்டு இல்லை. கதாநாயகன் என்று ஒருத்தன் இல்லை. வெறும் சேறு. மழை பெய்தால் எங்கள் கரிசல் எப்படிக் காலைப் பிடித்துக்கொண்டு விடாதோ, அப்படி ஒரு கறுத்த சேறு. அதற்குள் மீசை முளைக்காத பிள்ளைகள். குண்டு விழுந்தால் சினிமாவில் ஆள் பறந்துபோய் விழுவான், அவ்வளவுதானே? இதில் அப்படி இல்லை. பேசிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் பாதியைக் காணோம். மீதிப் பாதி உயிரோடு கிடந்து, சரிந்த குடலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வயிற்றுக்குள் வைக்கப் பார்த்தது... "அம்மா, அம்மா" என்று கத்தியது. எந்தத் தேசத்துப் பிள்ளையோ! தமிழில் குரல் கொடுத்தவன் எவனோ! எனக்கு அது வேல்ராசு கத்துவது போலவே கேட்டது.

எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்தே இருந்தேன். புண்ணாக்கை மறந்து பஸ் ஏறினேன்.

ஊர் விலக்கில் இறங்கினால், எதிரே வேல்ராசு ஓடி வருகிறான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அவன் வயிற்றைப் பார்த்தேன். வேர்த்து, பனியன் ஒட்டிக்கிடந்தது.

'போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே?' என்பீர்கள். நன்றாகக் கேட்டீர்கள்! ஏன் என்று கேட்பானே... எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்ல வேண்டுமே! வாய் கிழியப் பேசியவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் என் பயத்தை அவனுக்கும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"யுத்தப் படம் வந்திருக்குலே. மிலிட்டரிக்குப் போறவன் பாக்கணும்லா" என்றேன். குஷியாகக் கிளம்பினான். முறுக்கு வாங்கி என் மடியில் வைத்தான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். எது எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் எழுந்தான்.

"எப்பா, போதும்ப்பா. வெளிய போயிருவமா?"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "இருலே. இனிமேத்தான் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணத் தொறந்து பாருலே!" என்றேன். திறந்தான். என் சொல்லைத் தட்டாத பிள்ளை...

சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம்! அப்பாடா, பலித்துவிட்டது என்ற சந்தோஷம். சீ... நானெல்லாம் ஒரு மனுஷனா!

ஓட்டம் நின்றது. முட்டி வலிக்கிறது என்றான். ஆள் எடுக்கிற அன்று அவன் சேக்காளிகள் வேன் பிடித்துப் போனார்கள். இவன் போர்வைக்குள் கிடந்தான். நான் நினைத்தது நடந்துவிட்டது. அதோடு முடிந்திருக்கக் கூடாதா?

முடியவில்லை. கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது, ஊரே பார்க்க ஆட்டுக் கொட்டகைக்குள் ஓடினான். ஆடுகளுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு குத்தவைத்திருந்தான். "என்ன அண்ணாச்சி, துப்பாக்கி தூக்குத ஆளு இங்கன ஒளிஞ்சிருக்காவ?" என்று சிரித்தார்கள். நான் என்ன செய்தேன்? "பயந்தாங்கொள்ளிப் பயலே, எனக்குன்னு வந்து பொறந்தியே!" என்று அத்தனை பேர் முன்னாலும் அவனை ஏசினேன். ஆமாம், நான்தான். நானேதான்!

இப்போது புதியம்புத்தூரில் சட்டை தைக்கிற கம்பெனியில் இருக்கிறான். இடி இடித்தால் மெஷினை விட்டு எழுந்துவிடுகிறானாம். ராத்திரி லைட்டை அணைக்க விடுவதில்லை. அவன் அம்மா மந்திரித்துக் கயிறு கட்டி அலுத்துப்போனாள். "புள்ள எங்கன வச்சுப் பயந்தானோ தெரியலயே" என்று என்னிடமே கேட்கிறாள். நான் ஆட்டைப் பார்க்கப் போகிற மாதிரி வெளியே போய்விடுவேன்.

போன வாரம் அவனாக வந்தான். ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தேன்.

"எப்பா, ஒண்ணு கேக்கட்டா? நா சின்னதுலயே இப்பிடித்தானா? இல்ல, நடுவுல வந்ததா?"

"எதுக்குலே கேக்க?"

"நடுவுல வந்ததுன்னா போயிரும்லாப்பா. எனக்கு வயசு இன்னும் தாண்டல. அடுத்த தடவ ஆள் எடுக்கும்போது ஓடிப் பாப்பமேன்னுதான்..."

மோட்டார் ரூம் மேலே ஏறிக் கிணற்றுக்குள் தலைகீழாகக் குதித்த பிள்ளை இவன். வரப்பில் கிடந்த பாம்பை வாலைப் பிடித்து வீசிவிட்டு, வந்து சோறு கேட்டவன். எல்லாம் என் கண்முன்னால் வந்து நின்றது. 'நான்தாம்லே செஞ்சேன், நீ பயந்தவன் இல்ல' என்று சொன்னால் போதும், நிமிர்ந்துவிடுவான். நிமிர்ந்தால் ஓடுவான். ஓடினால் எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தச் சேறு... அந்த வயிறு...

"சின்னதுல இருந்தே நீ அப்பிடித்தாம்லே" என்றேன். "பொறவியே அப்பிடி. என்ன செய்ய?"

"சரிப்பா" என்றான். கீழே கிடந்த குழையைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, கம்பெனி வேன் வந்துவிடும் என்று போனான்.

நம்பிவிட்டான்...

வயது வரம்பு தாண்டட்டும், சொல்லிவிடலாம் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தாண்டிய பிறகு சொன்னால், "ஏம்ப்பா?" என்று கேட்பானே! சொல்லாமல் இருந்தாலோ, சாகிறவரைக்கும் தன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டே தலைகுனிந்து நடப்பான். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

புதியம்புத்தூர்ப் பக்கம் வந்தால் அவனை நீங்கள் பார்க்கக்கூடும். பார்த்தால் பாவமாக இருக்கும், சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றும். சொல்லிவிடாதீர்கள்... உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், இப்போது சொல்லிவிடாதீர்கள்!