நீலத்தில் மறைந்த பட்டன்

எங்கள் வீட்டில் முதன்முதலில் கணினியைத் தொட்டவள் என் தங்கைதான். இப்போது ஒரு பள்ளியின் இணையப் பாடத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அதன் நிறம், எழுத்து, படம் எல்லாம் அவள் கைவண்ணம். எதை மாற்றினாலும் என் பழைய போனிலும் திறந்து பார்த்துவிடுவாள்.

போன வாரம் தளம் முழுவதையும் நீலமாக்கினாள். தேர்வுப் பக்கம் மட்டும் தேர்வு தொடங்கிய பிறகே திறக்கும். திறந்ததும் என் போனைப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, விடையை அனுப்புற பட்டன் தெரியுதா?"

"எல்லாம் நீலமாத்தான்டி இருக்கு."

பட்டனும் பின்னணியும் ஒரே நிறம். அதை அழுத்தாவிட்டால் பிள்ளைகள் எழுதியது போய்ச் சேராது. அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நிறத்தை மாற்றியாக வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் பக்கமே குலைந்துவிடும்.

கணினிப் புத்தகத்தைப் பார்த்து, நிறத்தை மாற்றும் ஆங்கில வரி ஒன்றைத் தட்டினாள்.

"நீயும் பாருக்கா."

"எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சா நான் ஏன்டி தையல் மிஷினை மிதிக்கிறேன்?"

"புரிய வேண்டாம். புத்தகத்துல இருக்கிற வரியும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கா, அதைச் சொல்லு."

விரல் வைத்து இருமுறை பார்த்தேன்.

"ஒண்ணாத்தான் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு சேமித்தாள். என் போனில் மஞ்சள் பட்டன் வந்தது. அப்போதும் அவள் திரையைவிட்டு நகரவில்லை. முதல் விடைத்தாள் வந்து சேர்ந்த பிறகுதான், "தண்ணி குடுக்கா" என்றாள்.