மாணிக்கம் அண்ணன் பார்த்த பேய்ப்படம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தபோது எனக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறந்த மனைவி ஆவியாக வீடு தேடி வரும் படத்தைப் பார்த்து நடுங்கிப்போனேன்.

மறுநாள், "படம் எப்படிடா?" என்று உடன் வேலை செய்த மாணிக்கம் அண்ணன் கேட்டார். அவர் மனைவி காய்ச்சலில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"உங்களுக்கு வேணாம்ணே."

ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பயந்துட்டீங்களா அண்ணே?"

"பயமா? அந்தப் புருஷன் மேலதான்டா கோவம். பொண்டாட்டி வாசல்ல வந்து நிக்கிறா, கதவைச் சாத்துறான். என் பார்வதி வந்தா, உள்ள வா, சாப்பிட்டியான்னு கேப்பேன் லா."



அதன்பின் எத்தனையோ பேய்ப்படங்கள் பார்த்துவிட்டேன். கொட்டகையே அலறும் இடத்தில், எனக்கு மட்டும் யாரையோ உள்ளே கூப்பிடத் தோன்றுகிறது.