நடவுப் பாட்டுக்குப் பின்னால் போன கால்

ஐப்பசியில், பிசானப் பருவ நெல் நடவு நேரத்தில், ஆழ்வார்குறிச்சி போய் வந்தேன். நான் சென்னையில் இயன்முறை மருத்துவர். பக்கவாதம் வந்தவர்களைப் பாட்டின் தாளத்துக்கு நடக்கவைக்க முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். பழகிய பாட்டென்றால் கால் தானாக எழும் என்பது என் நம்பிக்கை. செல்லம்மாள் என்பவரிடம் அதைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

நெல்லை ஜங்ஷனில் காலையில் கிளம்பும் செங்கோட்டை பாசஞ்சர்தான் வசதி. ஒன்றேகால் மணி நேரப் பயணம், டிக்கெட் இருபது ரூபாய்க்குள். கல்லூரி நாட்களில் இதே பாதையில் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. ஞாயிறுதோறும் அம்பைக்கு, அதாவது அம்பாசமுத்திரத்துக்குப் போய் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு தொண்டை கிழியப் பாடிக்கொண்டு திரும்புவோம். கூடப் பாடியவர்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில். அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரே இருந்தவர், "அப்பளம் வாங்கலியா?" என்று கேட்டுக் காப்பாற்றினார்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். தெருப் பெயரைச் சொன்னதுமே, "செல்லம்மா அக்கா வீட்டுக்கா? ரோடு குண்டும் குழியுமா கெடக்கு, பைய போவோம்," என்றார் ஓட்டுநர்.

செல்லம்மாள் வயல் வேலைக்குப் போனவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிடித்து நிறுத்தினால் நிற்பார். நடக்கச் சொன்னால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கொல்லைப்புறக் குளியலறைக்குக்கூட மகள் செல்விதான் தாங்கிக் கூட்டிப்போவாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் அவளுக்குக் கொடுத்த விடுமுறை முடியப்போகிறது. அம்மா அந்தக் குளியலறை வரை தனியாகப் போய்வந்தால் செல்வி வேலைக்குத் திரும்பலாம். சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் பார்த்துக்கொள்வார். நடக்கவில்லையென்றால் வேலையை விடவேண்டியதுதான்.

நான் கைபேசியில் கொண்டுபோன சினிமாப் பாட்டு எதற்கும் கால் அசையவில்லை. பேச்சியம்மாளும் செல்லம்மாளோடு நடவுக்குப் போனவர். அவரை நடவுப் பாட்டுப் பாடச் சொன்னேன். உடனே கால் எழுந்தது. ஆனால் பின்னால்! லேசாகக் குனிந்தபடி செல்லம்மாள் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார். பின்னால் நின்ற செல்வி பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னால வாங்கம்மா," என்றேன்.

"நட்டதுக்கு மேல மிதிக்கச் சொல்லுதியளே, நல்லாருக்கா?" என்றார் செல்லம்மாள்.

பேச்சியம்மாள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்தபடிதான் நடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

"அப்போ முன்னால போற வேலைக்கு என்ன பாட்டு?" என்று கேட்டேன்.

"அறுப்புக்குத்தான் முன்னால போவோம்," என்று பேச்சியம்மாள் அறுப்புப் பாட்டைத் தொடங்கினார்.

"ஏட்டி, பைய பாடு. எங்காலும் ஒங்காலும் ஒண்ணா?" என்றார் செல்லம்மாள். சொல்லிக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தார். எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

அம்பையில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு வாரம் தினமும் போனேன். நீங்களும் அங்கேயே தங்கலாம்; பஸ் அடிக்கடி உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும், குடை அவசியம். இதே வேலையாகப் போகிறவர்கள், அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு என்ன வேலை செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். விழாமல் பிடித்துக்கொள்ள, நடப்பவருக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நிற்கட்டும்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, செல்லம்மாள் அறுப்புப் பாட்டைத் தானே முணுமுணுத்தபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். செல்வி பின்னாலேயே ஓடிக் கையை நீட்டினாள்.

"நீ எங்கட்டி வார? போயி துணிமணிய எடுத்து வையி," என்றவர் குளியலறைக்குள் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஆறு மாதமாகத் திறந்தே கிடந்த கதவு அது. செல்வி அதன்மேல் சாய்ந்து நின்று அழுதாள்.