ஊசிகூட எடுக்கவில்லை என்றார் ஐயா

ஐயாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மா இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "இயக்கத்தின்ர பேர் வரக்கூடாது பிள்ளை. இஞ்சின் கதையும் வேண்டாம்" என்றார். பேரை எழுதவில்லை. இஞ்சினை விட்டுவிட்டு ஐயாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஐயா யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், இறுப்பிட்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தெற்கே ஒரு சுருட்டுக் கடையில் வேலைக்குப் போனார். தொழிற்சங்கத்தில் சேர்ந்து அங்கேயே பொதுவுடைமைக்காரர் ஆனார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடும் சீனப் புரட்சி பற்றிய ஒரு பெட்டி புத்தகத்தோடும் ஊர் வந்து சேர்ந்தார். "ஆக்கள் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவினம். இவர் சீனாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று அம்மா வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. இராணுவத் தேடுதலில் சிவப்பு அட்டைப் புத்தகம் அகப்பட்டால் வீட்டு ஆண்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்ற கதை தீவுக்கு வந்தது. அம்மாவுக்கு நித்திரை போயிற்று. ஐயா சந்தைக்குப் போய்வந்த ஒருநாள், புத்தகம் எல்லாவற்றையும் எரித்துவிட்டதாக அம்மா சொன்னார். ஐயா ஏசவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

அந்த மாரியில், ஆயுதம் தூக்கிய இயக்கப் பிள்ளைகள் ஊர் வாசிகசாலையில் வகுப்பு வைத்தார்கள். சீனாவின் உள்நாட்டுப் போரில் பொதுவுடைமைக்காரர் ஆட்சியைப் பிடித்தது எப்படி என்று பேச ஐயாவை அழைத்தார்கள். ஊரும் கேட்கப் போனது.

"பட்டணமும் பீரங்கியும் மற்றவன்ர கையில. இவங்களிட்ட இருந்தது கிராமம்தான்" என்று தொடங்கினார் ஐயா. "காணியில்லாதவனுக்குக் காணி குடுத்தாங்கள். இரவு படுக்கச் சனத்தின்ர வீட்டில கழட்டின கதவைக் காலமை திருப்பிப் பூட்டிப்போட்டுப் போனாங்கள். சனத்திட்ட ஒரு ஊசி, ஒரு நூல் எடுக்கேல்லை. அதாலதான் கடைசிச் சண்டையில சனமே வண்டில் தள்ளி அரிசி கொண்டுபோய்க் குடுத்தது."

பின்வரிசையில் இருந்து அந்தோனி அண்ணை எழுந்தார். "அப்ப என்ர இஞ்சின், ஐயா?"

கரையில் மீன்பிடித் தொழில் செய்பவர் அவர். அவருடைய வள்ளத்து இஞ்சினை இதே பிள்ளைகள்தான் நாளைக்குத் தருகிறோம் என்று கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டு, "அதைத்தான் தம்பியவையும் யோசிக்கவேணும்" என்றார்.

மறுநாள் காலை ஐயாவை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். இயக்கத்துக்கு எதிராகச் சனத்தைத் திருப்பிவிடக் கதை கட்டினார் என்பது குற்றம். "அப்பிடி எழுதியிருக்கிற புத்தகத்தைக் காட்டுங்கோ, விடுறம்" என்றார் பொறுப்பாளர். "மனுசி எரிச்சுப்போட்டா, தம்பி" என்றாராம் ஐயா. யார் நம்புவார்கள்? விசாரணைக்குப் போன எல்லோரும் திரும்பி வந்த காலம் அல்ல அது.

அம்மா பின்வளவுக்குப் போய்ப் பனங்கிழங்குப் பாத்தியின் முன் இருந்துவிட்டார். "எரிக்கேல்லைப் பிள்ளை. இதுக்குக் கீழதான் கிடக்கு."

கிழங்கு விளையும் முன் பாத்தியைக் கிண்ட எங்கள் ஊரில் எவருக்கும் மனம் வராது. அதை நம்பித்தான் உரப்பையில் கட்டித் தாட்டு, மேலே மண்ணைக் குவித்துப் பனங்கொட்டை அடுக்கியிருக்கிறார். புத்தகம் வெளியே வந்தால் ஐயா பொய் சொன்னதாக ஆகாதா என்று கேட்டேன்.

"பொய் என்ர. நானே போய்ச் சொல்லுறன்" என்றார் அம்மா.

கிண்டினோம். கிழங்குகள் உரப்பையைத் துளைத்துப் புத்தகங்களுக்குள்ளும் இறங்கியிருந்தன. புத்தகத்துக்குக் கீழும் வேர் ஓடும் என்பதைக் கிழங்கு போட்டே வளர்ந்த அம்மா நினைக்கவில்லை. இழுத்தால் தாள் கிழியும். ஆகவே கிழங்கை மேலும் கீழும் நறுக்கி, நடுத்துண்டு உள்ளே இருக்கவே, ஊசி நூல் கதை இருந்த புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் பொதிந்து இயக்க முகாமுக்குக் கொண்டுபோனோம்.

பொறுப்பாளர் ஈரத் தாள்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். "எரிச்சதெண்டு அவருக்குச் சொன்னது என்ர பொய், தம்பி" என்றார் அம்மா. பொறுப்பாளர் ஓர் இடத்தில் நின்று வாசித்தார். பிறகு திரும்பவும் வாசித்தார். "ஐயாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். புத்தகத்தைத் தரவில்லை.

வழியில் ஐயா கேட்ட முதல் கேள்வி: "இஞ்சினைக் கேட்டனீரோ?"

"நான் உங்களைக் கேட்க வந்தனான்" என்றார் அம்மா.

சில ஆண்டுகளின் பின் இராணுவம் வந்திறங்க, தீவை விட்டு எல்லோரும் ஓடவேண்டி வந்தது. ஐயாவுக்கு அப்போது பாரிசவாதம், நடக்க ஏலாது. இஞ்சின் வள்ளங்கள் நிரம்பிப் போய்விட்டன. அந்தோனி அண்ணை ஐயாவைத் தோளில் தூக்கித் தன் வள்ளத்தில் இருத்திப் பாய்மரத்தில் பாய் விரித்தார். மேலே இராணுவ ஹெலிகொப்டர் சுற்றியது. ஐயா இஞ்சின் பூட்டியிருந்த வெறும் பலகையையே பார்த்தபடி, "அந்தோனி, நான் கதைச்சும் உனக்கு அது வரேல்லை" என்றார். "கதையாதேங்கோ ஐயா, காத்து விழுகுது" என்றார் அண்ணை. யாழ்ப்பாணக் கரை தெரியும்வரை நாங்கள் மூச்சையும் மெதுவாகத்தான் விட்டோம்.

இடம்பெயர்ந்து இருந்த வீடு கடலுக்கு அண்மையில். வள்ளச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஐயா, "அந்தோனியின்ர இஞ்சினோ?" என்பார். இல்லை என்போம். கடைசி நாளும் கேட்டார். அம்மா அவருடைய நெற்றியைத் தடவி, "ஓம், குடுத்திட்டாங்களாம்" என்றார். ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

இருக்க வீடு தந்தவர்களுக்கும், மருந்து தேடித் தந்தவர்களுக்கும், ஐயாவைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. இன்றும் பாய் வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் அந்தோனி அண்ணைக்கு நன்றி என்ற சொல் போதாது. இரண்டு பொய்களுக்காகவும் அம்மாவுக்கு நன்றி.